ரெட்டைப் பின்னலைத் தேடிய போலீஸ்

அத்தியாயம் நான்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தால் அதை மடியில் முடிவதில்லை. போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு டோக்கனைப் படிக்கட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். காவடியைப் போனில் பார்க்கிறார்கள். பொய்கையைப் போனில் பார்க்கிறார்கள். பெற்ற பிள்ளையைக்கூடப் போனில்தான் பார்க்கிறார்கள். திரும்பி வந்து, "பெரியவரே, என் செருப்பு எது?" என்று என்னையே கேட்கிறார்கள். மாட்டிக்கொண்டு வந்தவனுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில்.

என் பெயர் ராஜமாணிக்கம். திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில், மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில் முப்பத்தோரு வருஷமாகச் செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். படிப்பு மூன்றாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன். தொலைந்த செருப்பைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, பிறகு தொலைந்த ஆடு, தொலைந்த வளையல், கல்யாணத்தன்று தொலைந்த மாப்பிள்ளை வரைக்கும் என்னிடம் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை அரக்கோணம் ஜங்ஷனில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். மனுஷன் சொல்வது எதையும் நான் நம்ப மாட்டேன். செருப்பு சொன்னால் நம்புவேன்.

கூட இருப்பவன் ஷோயப். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், நாற்பது வயது, மூன்று பிள்ளைக்குத் தகப்பன். சவாரி இல்லாத நேரத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்து வாயை ஓட்டுவான்.

அன்று ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். மணி பதினொன்று. காலை ஒன்பதிலிருந்து மைக்கில் ஒரே பாட்டு: "மோனிஷா என்ற ஆறு வயதுச் சிறுமியைக் காணவில்லை. ரெட்டைப் பின்னல், பச்சைப் பாவாடை. பார்த்தவர்கள் பஸ் ஸ்டாண்டு அருகில் உள்ள போலீஸ் பந்தலில் தெரிவிக்கவும்."

அப்போது ஒரு ஆள் வந்து டோக்கனை நீட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு. மழுங்க மொட்டை, தலை நிறையச் சந்தனம், கண் ரெண்டும் சிவந்து கிடந்தன. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு பெரிய ஹவாய் செருப்பு, அறுந்த வாரை லுங்கிக் கரை நூலால் கட்டியது. அதோடு சேர்த்து ஒரு குட்டிச் செருப்பு, மேலே பிளாஸ்டிக் பூ. காலை ஏழு மணிக்கு இதை விட்டுப் போனவரை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ரெண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, சுருட்டை முடி, கையில் ஒரு பெண் பிள்ளை.

"டோக்கன் எங்க கெடந்துச்சு?" என்றேன்.

"இன்னா பெரியவரே?"

"இது ஒரு மீசைக்காரர் செருப்பு. நீ யாரு? கீழ கெடந்த டோக்கனைப் பொறுக்கினு வந்து செருப்பு கேக்கறியா?"

"நான்தாங்க அந்த மீசை!" அந்த ஆள் அழுகிற குரலில் சொன்னார். "வேண்டுதலுங்க. மொட்டை போட்டு மீசையும் எடுத்துட்டேன்."

"பெர்சு, தப்பு உம்மேலதான்," என்றான் ஷோயப். "செருப்புக்குக் குடுத்த மாதிரி மீசைக்கும் ஒரு டோக்கன் குடுத்திருக்கணும்."

நான் ஆள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். காலையில் பார்த்த மாதிரியே வலது பெருவிரலில் நகம் இல்லை. சரி, அவரேதான். செருப்பைக் கொடுத்தேன். பெரிய செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் குட்டிச் செருப்பை மட்டும் மார்போடு வைத்துக்கொண்டு அந்த மனுஷன் அங்கேயே குந்திவிட்டார்.

"மைக்குல சொல்லினு கீறாங்களே, அது எம்பொண்ணுங்க."

பெயர் குணசேகரன். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்கிறவர். சம்சாரத்துக்குப் பையன் பிறந்து இருபது நாள். அது நல்லபடியாக ஆனதற்காகத் தகப்பனும் மகளும் மட்டும் மொட்டை போட வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் மகளைக் காணோம். போலீஸ் பந்தலில் போய்ச் சொன்னால் எழுதிக்கொண்டு, போட்டோ வாங்கிக்கொண்டு, உட்காரு என்றார்களாம். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாராம். ஒருத்தரும் எழுந்து போய்த் தேடவில்லையாம்.

"திருவள்ளூர் போயி பெரிய ஆபீசர் கிட்ட மனு குடுக்கப் போறேன். டீக்கடையிலயே எழுதிட்டேன். இங்க இருக்கிறவங்க எம்பொண்ணைத் தேடவே இல்ல." மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"நீ தேடுனியா?" என்று கேட்டேன்.

"பெரியவரே!"

"போலீஸ் தேடலன்னு நீ சொல்ற. அதை நான் நம்பறேன், ஏன்னா அவங்களை எனக்குத் தெரியும். நீ தேடுனேன்னு சொல்றதை இன்னும் நம்பல. எங்க தொலைஞ்சுது?"

"மொட்டை போடற மண்டபத்துல. பொம்பளைங்க பக்கம் அவளைக் குந்த வெச்சிட்டு, ஆம்பளைங்க வரிசைக்குப் போனேன். திரும்பி வந்தா ஆள் இல்ல."

"போலீசுக்கு இன்னா போட்டோ குடுத்த?"

போனைக் காட்டினார். வீட்டு வாசலில் விடியற்காலையில் எடுத்தது. ரெட்டைப் பின்னல், பச்சைப் பாவாடை, சிரிப்பு.

ஷோயப் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"மொட்டை போட உக்கார வெச்ச புள்ளைக்கு ரெட்டைப் பின்னல் எங்கிருந்து வரும்?" என்றேன்.

குணசேகரன் போட்டோவை இன்னொரு தரம் பார்த்தார். "மொட்டைன்னு சொன்னேங்க. அவங்கதான் போட்டோவைப் பாத்து எழுதிட்டாங்க."

"சொன்னியா?"

"சொன்னேன்னுதாங்க நெனைக்கிறேன்."

இதுதான் நிலைமை. ரெண்டு மணி நேரமாக ஊர் முழுக்க இல்லாத பின்னலைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டாண்டைப் பூக்கடைக்காரம்மாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு மூன்று பேரும் மண்டபத்துக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் மொட்டை போடுகிற அனுசுயாவை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். ஒரு தலையை முடித்துவிட்டு அடுத்த தலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அனுசுயா, காலையில பச்சைப் பாவாடை போட்ட ஒரு புள்ள."

"மாமா, பாவாடை கலரைப் பாத்தா நான் தலையில கத்தி வெக்கிறேன்? நான் பாக்கறது உச்சந்தலை. எப்பிடிப்பட்ட உச்சி, அதைச் சொல்லு."

தகப்பனைப் பார்த்தேன். அவர் விழித்தார். பெற்ற பிள்ளையின் உச்சந்தலை எவனுக்குத் தெரியும்?

"தெலுங்கு பேசுவாளுங்க," என்றார். "எங்க வீட்ல தெலுங்குதான்."

அனுசுயா கத்தியை நிறுத்தினாள். "ரெட்டைச் சுழி! ஆங், அதுவா! அழவே இல்ல மாமா, சிரிச்சிகினே குந்தியிருந்துச்சு. முடிச்சதும், 'உங்க நைனா அங்க கீறாரு போ'ன்னு கைகாட்டி அனுப்பினேன். போயி ஒவ்வொரு ஆளா மூஞ்சியைப் பாத்துட்டு நின்னுச்சு. அப்பறம் கண்ணுல சந்தனம் எறங்கி அழுவ ஆரம்பிச்சிடுச்சு. ஒரு தெலுங்கு அம்மா, ரெண்டு பசங்களோட வந்தது, அதுதான் குழாயாண்ட கூட்டினு போச்சு."

குழாய்கள் மண்டபத்துக்குப் பின்னால் இருந்தன. கைப்பிடிக் கம்பியில் ஒரு சின்னப் பச்சைப் பாவாடை தொங்கியது.

குணசேகரன் அதைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், குழாயடியில் இருந்தவர்கள் எல்லாம் சொம்பைப் போட்டுவிட்டார்கள். "ஐயோ! எம்பொண்ணை எவளோ தூக்கினு போயிட்டா! பாவாடையைக் கழட்டிப் போட்டுட்டு..."

"வாயை மூடு," என்றேன்.

பாவாடையைத் தொட்டுப் பார்த்தேன். முடி ஒட்டாமல் அலசி, முறுக்கிப் பிழிந்து, உதறி, காற்றில் பறக்காமல் இருக்க நாடாவைக் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது.

"டேய் ஷோயப், புள்ளையைத் திருடினு போறவ துணி துவைப்பாளா?"

"எங்க வீட்லயே துவைக்க ஆள் இல்ல பெர்சு. அப்பிடி ஒரு திருடி கெடைச்சா நான் அட்ரஸ் குடுத்துடுவேன்."

"இது நல்ல பொம்பள. முடி ஒட்டின துணியோட புள்ள நிக்கக் கூடாதுன்னு குளிப்பாட்டியிருக்கா. அப்பறம் புள்ளைக்கு இன்னா போட்டு விட்டிருப்பா? அவளுக்கு ரெண்டும் பசங்க."

ஷோயப்பின் சிரிப்பு நின்றது. "அரைக்கால் டவுசர், சட்டை."

"ஆங். இப்ப நாம தேட வேண்டியது ரெட்டைப் பின்னல் இல்ல, பச்சைப் பாவாடை இல்ல. டவுசர் போட்ட ஒரு மொட்டை."

"பெர்சு," என்றான் அவன், சுற்றிலும் கையைக் காட்டி. "இன்னிக்குத் திருத்தணியில டவுசர் போட்ட மொட்டை எத்தினி கீதுன்னு தெரியுமா?"

தெரியும். பொய்கைக் கரை முழுக்க மஞ்சள் மஞ்சளாக உருண்டுகொண்டிருந்தது. ஆனால் நல்ல பொம்பளைக்கும் ஒரு வழிதான் இருக்கும். ஊருக்குப் போகிற ஆந்திரா பஸ்ஸைப் பிடிக்க அவள் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். கையில் யார் வீட்டுப் பிள்ளையோ இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே போலீஸ் பந்தல்.

"போலீஸ் கிட்ட குடுத்திருப்பா," என்றேன்.

"அங்கதாங்க நான் ரெண்டு மணி நேரம் குந்தியிருந்தேன்!" என்று குணசேகரன் கத்தினார். "அங்க எம்பொண்ணு இல்ல!"

"அதைத்தான் நான் நம்ப மாட்டேன்னு சொல்றேன். ஏறு ஆட்டோவுல."

பஸ் ஸ்டாண்டுக்கு அரை மைல். அந்தக் கூட்டத்தில் ஷோயப் எப்படி ஓட்டினான் என்று கேட்காதீர்கள், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பந்தலில் ரெண்டு மேஜை. இந்தக் கோடியில் 'காணவில்லை' என்று அட்டை, அந்தக் கோடியில் 'கண்டெடுக்கப்பட்டவர்' என்று அட்டை. நடுவில் தண்ணீர் டிரம்மும், மோர் அண்டாவும், பத்து நாற்காலியும். ரெண்டு மேஜையிலும் தனித்தனி நோட்டு.

அந்தக் கோடி மேஜையில் இருந்த கான்ஸ்டபிள் கிருஷ்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பந்தோபஸ்துக்கு வந்தவர்.

"பொம்பளப் பிள்ள ஒண்ணும் வரல தாத்தா," என்றார். "காலைல இருந்து ஒரே ஒரு பயதான். தெலுங்குப் பய. பேரு பங்காருன்னு சொல்லுதான். வேற ஒண்ணும் வெளங்கல. ஆந்திராப் பக்கம் பந்தல்ல சேத்துருங்கன்னு எஸ்.ஐ. சொல்லிட்டாரு. அந்தா, ஜீப்பு கெளம்புது பாருங்க."

குணசேகரன் முகம் வெளுத்தது. "பங்காருவா? வீட்ல அவளை அப்பிடித்தாங்க கூப்புடுவோம். மோனிஷான்னு ஸ்கூல்ல மட்டுந்தான்."

ஜீப் பின்பக்கமாக நகர்ந்து ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஷோயப்!"

அவன் ஏற்கெனவே ஓடியிருந்தான். ஆட்டோவைக் கொண்டுவந்து ஜீப்புக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சார், வண்டி நின்னுபோச்சு, தள்ளுங்க," என்றான்.

எஸ்.ஐ. விஜயராகவன் ஜீப்பிலிருந்து குதித்தார். "யோவ், எடுய்யா வண்டியை!"

நான் அவரைப் பார்க்கவில்லை. ஜீப்பின் பின் பெஞ்சில் ரெண்டு கால் தொங்கிக்கொண்டிருந்தது. காலை மட்டும் பார்த்தேன். வெயிலில் கறுத்த சின்னக் கால். கணுக்காலுக்கு மேலே மட்டும் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுப்பு.

"ஐயா," என்றேன், "ஆம்பளப் புள்ளைக்குக் கொலுசு போட்ட தடம் எப்பிடி வந்துச்சு?"

எஸ்.ஐ. காலைப் பார்த்தார். கான்ஸ்டபிள் வந்து பார்த்தார். டிரைவரும் இறங்கி வந்து பார்த்தார். பிள்ளையின் காதில் ரெண்டு கம்மல் துளையும் சந்தனத்தில் அடைத்துப் போயிருந்தன.

"கொலுசு எங்கிட்ட கீதுங்க!" குணசேகரன் சட்டைப் பையிலிருந்து அள்ளி எடுத்தார். "கூட்டத்துல எவனாச்சும் உருவிடுவான்னு காலையிலயே கழட்டி வெச்சேன்." காலில் வைத்துப் பார்த்தோம். தடத்தில் அப்படியே உட்கார்ந்தது.

"பங்காரு!" என்று கையை நீட்டினார்.

எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தோம். அந்தப் பிள்ளை அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு ஒரே அலறல். பெஞ்சு மேல் ஏறி, கான்ஸ்டபிள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நைனா காது! நைனா காது!" என்றது. இவர் எங்கப்பா இல்லை என்கிறது.

எஸ்.ஐ.யின் பார்வை மாறியது. காலையிலிருந்து வராத சுறுசுறுப்பு இப்போது வந்தது.

"நீ யாருய்யா? ஆதார் எடு."

எடுத்தார். அதில் சுருட்டை முடி, முறுக்கு மீசை. எஸ்.ஐ. கார்டைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார்.

"இது நீ இல்லையே."

"ஆதார் போட்டோவுல யாரும் அவங்களா இருக்க மாட்டாங்க சார்," என்றான் ஷோயப். "என்னுதுல நான் செத்துப்போயி நாலு நாள் ஆன மாதிரி கீறேன்."

யாரும் சிரிக்கவில்லை. எஸ்.ஐ. கார்டைத் திருப்பித் தரவும் இல்லை.

கான்ஸ்டபிள் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "இவரு காலைல வந்து அந்த மேசையில கத்துனாருல்லா சார், அப்பவே இது மெரண்டு போயி என் மேசைக்கடியில ஒளிஞ்சுக்கிட்டு. பொறவு வெளியவே வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னையே நான் அறைந்துகொண்டிருக்க வேண்டும். காலையில் இதே ஆளிடம் நானே, "நீ யாரு?" என்று கேட்டு விரட்டினேனே! முப்பத்தோரு வருஷம் ஜனங்களைப் பார்த்தவனுக்கே அடையாளம் தெரியவில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மண்டபத்தில் ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டு நின்றதாம். மீசை வைத்த நைனாவைத் தேடியிருக்கிறது. அவர் பின்னல் போட்ட மகளைத் தேடியிருக்கிறார். இந்தப் பந்தலில் பதினைந்து அடி தூரத்தில் ரெண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடியிருக்கிறார்கள்!

"புள்ள கையில பேர் எழுதினீங்களே, அந்தப் பேனாவைக் குடுங்க," என்றேன் கான்ஸ்டபிளிடம். தடித்த கறுப்பு ஸ்கெட்ச் பேனா. பங்காரு என்று மணிக்கட்டில் எழுதியிருந்தது. "ஷோயப், நீ சின்ன வயசுல சுவத்துல படம் வரைவியே."

"சுவத்துல வரைஞ்சி அடி வாங்கினவன் நான். மூஞ்சியில வரையச் சொல்றியே. குணசேகரா, ஆடாத."

முறுக்கு மீசை. ரெண்டு பக்கமும் கொக்கி மாதிரி சுழித்து, கன்னம் வரைக்கும் கொண்டுபோனான். நான் என் துண்டை எடுத்து அவர் தலையில் கட்டி மொட்டையை மறைத்தேன். குணசேகரன் கண்ணீர் வழிய நின்றார். மை கரைந்துவிடும் என்று ஷோயப் திட்டினான்.

"இப்பக் கூப்புடு. கத்தாத. வீட்ல கூப்புடற மாதிரி."

"பங்காரு," என்றார் மெதுவாக. "தம்பி அழுவறானாம். போலாமா?"

பிள்ளை கான்ஸ்டபிள் தோளிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தது. அப்புறம் ரெண்டு கண்ணாலும் பார்த்தது. "நைனா," என்றது. அதற்கப்புறம் அது பாய்ந்த பாய்ச்சலில் துண்டு ஒரு பக்கம் போனது, மீசை பாதி அதன் மொட்டைத் தலையில் ஒட்டிக்கொண்டது. பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். கான்ஸ்டபிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பயன்னு நெனச்சு மூணு இட்லி ஊட்டுனேன் சார்," என்றார்.

"பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டோட நிறுத்தியிருப்பியா?" என்று ஷோயப் கேட்டான்.

எஸ்.ஐ. வெள்ளைத் தாளை எடுத்தார். காவல்துறையின் துரித நடவடிக்கையால் காணாமல் போன சிறுமி மூன்று மணி நேரத்தில் மீட்கப்பட்டாள், தகப்பனுக்குப் புகார் ஏதும் இல்லை என்று எழுதி, குணசேகரன் முன்னால் வைத்தார். அந்த மனுஷன் பாதி மீசையோடு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"உன் மனு?" என்றேன்.

"அது எதுக்குங்க இப்ப? பொண்ணு கெடைச்சிட்டா. அவ மொட்டைன்னு நானும் சொல்லாம வுட்டிருப்பேன்." டீக்கடையில் எழுதின காகிதத்தை நாலாகக் கிழித்து மோர் டம்ளர் போடுகிற கூடையில் போட்டார்.

"காலையில சொன்னேன்னு சொன்ன."

"சொன்னேன்னு நெனைச்சேங்க."

"அவர் சொல்லவே இல்ல பெரியவரே," என்றார் எஸ்.ஐ.

"நீங்க கேட்டீங்களா?"

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "சாட்சிக் கையெழுத்து போடுங்க. நீங்கதான் கூட இருந்தீங்க."

"ஷோயப், படி."

படித்தான். துரித நடவடிக்கை என்கிற இடத்தில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் பேனாவை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு நாள் திருவிழா கீது," என்றேன். "நாளைக்கு எத்தினி புள்ளைங்க மொட்டை போடும், எத்தினி அப்பன் மொட்டை போடுவான். இந்தக் கோடி மேஜைக்காரரு அந்தக் கோடி மேஜைக்கு ஒரு தடவை எழுந்து போயிருந்தா, ஒம்பது மணிக்கே முடிஞ்சிருக்கும்."

எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. முகம் சிறுத்துவிட்டது. கான்ஸ்டபிள்களைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே ரெண்டு மேஜையையும் தூக்கிவந்து நடுவில் ஒன்றாக ஒட்டிப் போடச் சொன்னார். ரெண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இனிமே இப்பிடித்தான் இருக்கும். மொட்டையான்னு முதல்ல கேப்போம். நம்புங்க பெரியவரே."

"ஆங்," என்றேன்.

கையெழுத்துப் போடாமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பிள்ளை தகப்பன் தோளிலிருந்து எனக்குக் கை காட்டியது. ஷோயப் பின்னாலேயே ஓடி வந்து, "பெர்சு, இன்னும் இன்னா வேணும் உனக்கு? மேஜையை ஒட்டியே போட்டுட்டாரே. ஒரு தடவை திரும்பிப் பாரேன்," என்றான்.

நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை ஒட்டியேகூட இருந்திருக்கும். ஆனால் நடுவில் வைத்த மேஜை மோர் அண்டாவுக்கு வழியை மறிக்கிறது. வெயில் ஏற ஏற மோர் கேட்கிற கூட்டமும் ஏறும். எவனாவது ஒருத்தன் அதை நகர்த்துவான். நான் நடந்துகொண்டே இருந்தேன்.